அவளைச் சுற்றிக் குதித்தவர்கள்

நம் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் வந்த செய்தியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பள்ளியில் பசிபிக் தீவுகளின் பண்பாட்டைக் கொண்டாடப் போகிறார்களாம். அங்கிருந்து வந்த பிள்ளைகளுக்குத் துணை நிற்கப் போகிறார்களாம். ‘எல்லாப் பண்பாடுகளையும் என்றைக்கும் அரவணைத்த பள்ளி’ என்று அழைப்பிதழின் அடியில் போட்டிருந்தது. நீங்கள் ஒருவர் பின் ஒருவராக இதயம் போட்டீர்கள். ஒருத்தி கைகூப்பும் படமும் போட்டாள்.

நான் இதயம் போடவில்லை. நமக்கெல்லாம் தலை நரைத்துவிட்டது, முழங்கால் நோகிறது, அதெல்லாம் சரி. ஆனால் மறதி இவ்வளவு வசதியாக வரக்கூடாது. அந்த மண்டபத்தில் நீங்களும் இருந்தீர்கள். நன்றாகச் சிரித்தீர்கள். யார் யார் எந்த வரிசையில் இருந்து சிரித்தீர்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியும், சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள விருப்பமில்லை.

ஐந்தாம் வகுப்பு. என் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். காலையில் அம்மா என் தலையில் தேங்காய் எண்ணெயை அப்பி, இரட்டைப் பின்னல் பின்னி அனுப்புவார். வகுப்புக்குள் நுழைந்ததும் ஜெர்மன் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். நீங்கள் கெட்டிக்காரர்கள், பள்ளிக் குழாயில் தலையைக் கழுவிவிட்டு வந்து அவர்களோடு சேர்ந்து பொத்தினீர்கள். ஒருநாள் புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி, அகன்ற முகம், அடர்ந்த சுருள் முடி, நேராக என்னிடம் வந்து என் தலையில் மூக்கை வைத்து மணந்தாள்.

“எங்கடை அம்மா மாதிரி மணக்கிறாய்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டாள்.

அவள் ஜெர்மனில்தான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னதெல்லாம் எனக்குத் தமிழாகத்தான் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து அவள் என் வாங்குத் தோழி, ஒரே பெஞ்சு. சமோவா என்ற பசிபிக் தீவில் பிறந்தவள். தாய் அந்தத் தீவு, தகப்பன் ஜெர்மன்காரர், முன்பு கப்பலில் மெக்கானிக்காக இருந்தவர். நம்முடைய ஜெர்மன் ஊரில் தகப்பனை விட்டால் அவளுக்கும் தாய்க்கும் சொந்தம் என்று ஒரு குருவி இல்லை.

அவர்களுடைய வீட்டுக்குள் முதல்முறை போனபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சமையலறை நடுவில் ஒரு திருவலை. நம் வீடுகளில் இருந்தது போலவே பலகையில் காலைப் போட்டு இருந்து தேங்காய் துருவுகிறது. அதில் அவளுடைய தாய் இருந்தாள். மிகப் பெரிய மனுசி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்துவிட்டு வந்து, சீருடையை மாற்றாமலேயே துருவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஒரு பிடி தேங்காய்ப்பூவை அள்ளி என் வாயில் வைத்தாள். பெயர்கூடக் கேட்கவில்லை. நம் வீட்டில் தேங்காய்ப்பூவை எடுத்துத் தின்றால் கையில் அடி விழும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“அந்தக் கறுத்தப் பெட்டையோடை உனக்கென்ன சிநேகிதம்? ஜெர்மன் பிள்ளையளோடை பழகு. பாஷையாவது வரும்.”

நாங்கள் அவளைவிட இரண்டு மடங்கு கறுப்பு. வீட்டில் இருந்த கண்ணாடியை அப்பா முகம் வழிக்க மட்டும்தான் பாவித்தார் போலிருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில்தான் தலைமை ஆசிரியருக்குப் பண்பாட்டுக் காய்ச்சல் பிடித்தது. உங்களுக்கு அவரை ஞாபகம் இருக்கும், பளபளக்கும் வழுக்கை, அகன்ற தோள், எந்த நாளும் பச்சைக் கழுத்துப்பட்டி. பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள் என்று பெற்றோர் சிலர் முறைப்பாடு செய்தார்களாம். அவர் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார், விழா. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மேசை, ஒரு சாப்பாடு, ஒரு நிகழ்ச்சி. துருக்கிக்காரருக்குத் தேநீர். நமக்குப் பொரித்த ரோல்ஸ். மிளகாயைக் குறைக்கச் சொல்லி இரண்டு தரம் ஆள் அனுப்பினார். நம் பண்பாட்டை அவர் அரவணைத்தது அவ்வளவுதான், உறைப்பில்லாமல்.

என் தோழிக்கு அவர் வைத்திருந்த திட்டம் இதைவிட மோசம். ‘தென்கடல் கனவு’ என்று ஒரு நிகழ்ச்சி. காகிதத் தென்னை, பச்சைப் பிளாஸ்டிக் நாரில் பாவாடை, கழுத்தில் காகிதப் பூ. ஏழெட்டு ஜெர்மன் பிள்ளைகள் இடுப்பை ஆட்டுவார்கள், நடுவில் இவள். வகுப்புக்கு வந்து எல்லோர் முன்னாலும் அவள் தலையைத் தடவிச் சொன்னார்:

“உங்களுக்குத் தெரியுமா, பிள்ளைகளே? சமோவா முன்பு நம்முடைய தீவு.”

நம்முடைய தீவு! ஒரு காலத்தில் ஜெர்மனி பிடித்து ஆண்டதைத்தான் அப்படிச் சொன்னார். அவள் தலையை இழுத்துக்கொண்டாள். அன்று பின்னேரம் அவளுடைய தாய் சீருடையோடு பள்ளிக்கு வந்தாள். எனக்கு அந்தச் சண்டை கேட்டது, கதவுக்கு வெளியேதான் நாங்கள் இருவரும் நின்றோம். தன் மகள் பிளாஸ்டிக் பாவாடை கட்ட மாட்டாள், ஆடுவதென்றால் தங்கள் ஊர்ப் பெரிய ஆட்டத்தைத்தான் ஆடுவாள் என்று அவள் உடைந்த ஜெர்மனில் சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்துப் பேசினார். கடைசியில், நிகழ்ச்சி நீளக்கூடாது, பார்ப்பவர்களுக்கு அலுக்கக்கூடாது என்று சொல்லி, ‘தென்கடல் கனவு’க்குப் பிறகு கொஞ்ச நேரம் பிச்சை போட்டார்.

அந்த ஆட்டம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று என் தோழி அன்று நடந்து வரும்போது சொன்னாள். அவளுடைய அம்மப்பா தீவில் ஒரு குடும்பத் தலைவர், ஊரே எழுந்து நிற்கிற மனுசன். மகள் ஜெர்மன்காரரோடு கிளம்பியபோது அவர் சொன்னது ஒன்றுதான்: “உன் பிள்ளை அங்கே ஆடினால், அவளைச் சுற்றி யார் குதிப்பார்கள்?” அதற்குப் பிறகு மகளோடு பேசவே இல்லை. இப்போது படுக்கையில் கிடக்கிறார். தகப்பன் வீடியோ கமராவில் பிடித்து, அந்தக் கசெட்டை அவருக்கு அனுப்ப வேண்டும். பிள்ளையை ஒழுங்காக வளர்த்திருக்கிறேன் என்று அவர் கண் மூடுமுன் தாய்க்குக் காட்ட வேண்டும்.

“குதிக்கிறதெண்டால்?” என்று கேட்டேன்.

“நீதான் குதிக்கப்போறாய்” என்றாள்.

அவர்களுடைய வழக்கம் அது. பெரிய ஆட்டத்தைத் தனியே ஆட முடியாது. நடுவில் ஆடுகிறவள் குனிந்த முழங்காலோடு, சின்ன அடியாக, விரல் நுனியால் காற்றைத் தொடுகிறது போல ஆடுவாள். அவளைச் சுற்றி அவளுடைய ஆட்கள் கோமாளி மாதிரிக் கத்திக் குதிப்பார்கள், கையைக் காலை எறிவார்கள், அவள் காலடியில் விழுந்து புரளுவார்கள். அதற்கு ஐயுலி என்று பெயர். ஒருவர் மேல் உள்ள மதிப்பை அப்படித்தான் காட்டுவார்கள். யாரும் குதிக்காவிட்டால் அவளுக்கு ஆளில்லை என்று அர்த்தம். அதைவிட அவமானம் இல்லை.

“நீ எவ்வளவு வடிவில்லாமல் குதிக்கிறியோ, அவ்வளவுக்கு நான் வடிவாத் தெரிவன்” என்றாள். “ஆனால் நான் உன்னைப் பாக்கமாட்டன். என்ன நடந்தாலும் பாக்கக்கூடாது. முகம் மாறக்கூடாது.”

எனக்குக் கத்தத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, பொய் சொல்ல வேண்டாம். கெல்சென்கிர்ச்சனில் அந்த அடுக்குமாடி வீடுகளில் நம்மை நுனிக்காலில் நடக்கத்தான் பழக்கினார்கள். “மெல்ல நட பிள்ளை, கீழ் வீட்டு மனுசி பொலிசுக்குப் போன் அடிக்கப்போறா” என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. தும்மலைக்கூடத் தலையணைக்குள் தும்மிய சனம் நாங்கள்.

அவர்கள் வீட்டு நிலவறையில் பழகினோம். உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள், சைக்கிள்கள், ஈரச் சுவரின் மணம், அதற்கு மேல் அவள் கையிலும் காலிலும் பூசிய தேங்காய் எண்ணெய். தாய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பாடுவாள். முதல் நாள் என் வாயில் வந்தது பூனைக்குட்டிச் சத்தம். தாய் தகரத்தை வைத்துவிட்டு எழுந்து, “ச்சீ-ஹூ!” என்று ஒன்று விட்டாள் பாருங்கள், சைக்கிள் மணிகள் அதிர்ந்தன. பிறகு அந்தப் பெரிய உடம்பு சீமெந்துத் தரையில் பொத்தென்று விழுந்து உருண்டது. நான் பயந்துபோனேன். அவள் தரையில் கிடந்தபடியே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், வா, நீயும் விழு என்று.

நான் விழுந்தேன். கத்தினேன். தொண்டை கிழிந்தது. ஒருவரும் பொலிசுக்கு அடிக்கவில்லை. வாழ்க்கையில் அதுவரை எனக்கு அப்படியொரு சந்தோசம் கிடைத்ததில்லை, இதை நான் மழுப்பாமல் சொல்கிறேன்.

வீட்டில் மூச்சு விடவில்லை. எங்கள் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு, ஒவ்வொரு கடிதத்துக்கும் நடுங்கிக்கொண்டிருந்தார். “பள்ளிக்கூடத்திலை பேர் கெட்டுதெண்டால் அது எங்கை போய் நிக்கும் எண்டு தெரியுமே? அடங்கி இரு” என்பதுதான் அவருடைய தேவாரம்.

விழா நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. நம் அப்பாமார் சால்வை போட்டுக்கொண்டு ரோல்ஸ் மேசைக்குப் பின்னால் நின்றார்கள். ‘தென்கடல் கனவு’ முடிந்து கைதட்டல் ஓய்ந்தது. தலைமை ஆசிரியர் ஒலிவாங்கியைப் பிடித்து, இப்போது அந்தத் தீவின் அமைதியான, அழகான நடனம் என்றார். என் தோழி வந்தாள். பிளாஸ்டிக் இல்லை. தாய் உடுத்திவிட்ட மரப்பட்டைத் துணி, எண்ணெயில் மின்னும் தோள். பாட்டுக் கசெட் ஓடத் தொடங்கியது. அவள் கையை விரித்தாள். மண்டபம் உண்மையாகவே அமைதியானது.

அப்போது தாய் முன் வரிசையில் இருந்து “ச்சீ-ஹூ!” என்று பாய்ந்து மேடையில் ஏறினாள். பின்னாலேயே நான்.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. தாய் மேடை அதிர விழுந்து உருண்டாள். நான் குரங்குபோல் தோழியைச் சுற்றினேன். நீங்கள் சிரிக்கத் தொடங்கினீர்கள். தோழியின் முகம் மாறவில்லை. கண் எங்கள் தலைக்கு மேலே எங்கோ இருந்தது, கை நீரில் போவது போலப் போனது.

தலைமை ஆசிரியர் ஓடி வந்தார். தாய் குடித்துவிட்டு வந்து பிள்ளையின் நடனத்தைக் குழப்புகிறாள் என்று அவர் நினைத்தார். அப்படித்தான் பிறகு எல்லோருக்கும் சொன்னார். இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசி, “நிறுத்து! நிறுத்து!” என்று கத்தி, மேடையில் இங்கும் அங்கும் பாய்ந்தார். தாயின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் எண்ணெய் பூசிய கை, வழுக்கிவிட்டது. பச்சைக் கழுத்துப்பட்டி தோளில் பறக்க அவர் பின்பக்கமாக விழுந்தார். எழுந்து மீண்டும் பாய்ந்தார். பாட்டுப் பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிந்தார். பாட்டு நின்றது. தாய் விடவில்லை, தரையைக் கையால் அடித்துத் தானே பாடினாள். அதற்குள் என் அப்பா சால்வையோடு மேடையில் ஏறிவிட்டார். “வாடி இறங்கி, விசர்க் கழுதை!” என்று என்னை எட்டிப் பிடிக்க, நான் குனிய, அவர் என் மேல் தடுக்கி விழ, இருவரும் சேர்ந்து உருண்டு தோழியின் காலடிக்கே போய்ச் சேர்ந்தோம்.

அவள் ஆடிக்கொண்டிருந்தாள். ஒருமுறையும் பார்க்கவில்லை. கடைசி அசைவை முடித்து, கையை மடக்கி, தலை குனிந்தாள். அதுவரை மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ஒரு கைதட்டு இல்லை.

அப்பா வெளியே கொண்டுபோய், நம் ஆட்கள் எல்லோரும் பார்க்க, என் கன்னத்தில் அறைந்தார். அந்தத் தாய்க்குப் பள்ளி வளவுக்குள் கால் வைக்கக்கூடாது என்று தலைமை ஆசிரியர் தடை போட்டார். பண்பாட்டைக் கொண்டாடின விழாவில் உண்மையான பண்பாடு வந்து நின்றது அந்த ஒரு தரம்தான், அதற்குக் கிடைத்த மரியாதை இது. ரோல்ஸ் மட்டும் முடிந்துபோயிருந்தது.

தோழி பள்ளிக்கு வர மாட்டேன் என்றாள். ஒளிந்து அவளைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“அம்மப்பா என்ன நினைப்பார்? எங்களுக்கு இங்கை ஆருமில்லை எண்டுதானே” என்றாள். “அம்மாவைப் பிடிச்சு இழுத்தவங்கள். சனம் சிரிச்சது. அதைப் போய் அவருக்குக் காட்டுறதே?”

தகப்பனும் கசெட்டை அனுப்ப வேண்டாம் என்றார், பாவம், முழுவதையும் அவர்தான் கமராவில் பிடித்திருந்தார். தாய் ஆஸ்பத்திரிச் சீருடையைப் போட்டுக்கொண்டு கசெட்டைப் பையில் வைத்தாள். “ஆடி முடிச்சவள். முடிச்சது முடிச்சதுதான்” என்று சொல்லித் தபாலகத்துக்குப் போய்விட்டாள்.

பனி கரைந்து, பள்ளி வாசலில் சேறாகிக் கிடந்த காலத்தில் தொலைபேசி வந்தது. நான் அங்கே இருந்தேன். அதை எடுத்த தாய் முதலில் எழுந்து நின்றாள். பிறகு வாயைப் பொத்தினாள். பிறகு நிலத்தில் இருந்துவிட்டாள். அவளுடைய தகப்பன்தான், தீவிலிருந்து, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு. அழுகையா சிரிப்பா என்று எங்களுக்கு விளங்கவில்லை. வைத்த பிறகுதான் சொன்னாள்.

ஊரே கூடிப் பார்த்ததாம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததாம். அந்தக் குளிர் நாட்டில் தன் பேத்தியைச் சுற்றிக் குதிக்க இத்தனை பேரா என்று கிழவர் அழுதாராம். சின்னவள் நல்ல குரங்கு என்றாராம், அது நான். மீசைக்காரன் விழுந்து உருண்டது மிகத் திறம் என்றாராம், அது என் அப்பா. ஆனால் எல்லோரையும் தூக்கி அடித்தவன் அந்த வழுக்கைத் தலையன்தானாம். பச்சைத் துணியைத் தோளில் பறக்கவிட்டு, கையை வீசி வீசி, மல்லாக்க விழுந்து, எழும்பி, பாட்டை நிறுத்தி அவளைப் பாட்டுப் பெட்டி இல்லாமலே ஆடவைத்து! தன் வாழ்நாளில் இப்படி ஒரு ஐயுலியைக் கண்டதில்லை என்றாராம்.

தோழி கட்டிலில் இருந்து இறங்கி வந்தாள். ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்புக்கு, கீழ் வீட்டுக்காரர் கட்டாயம் பொலிசுக்கு அடித்திருப்பார்.

அப்பாவுக்கும் போய்ச் சொன்னேன், அவர் உருண்டதற்குத் தீவில் நல்ல பெயர் என்று. இன்னொரு அறைக்குத் தயாராகத்தான் நின்றேன். “விசர்ச் சனம்” என்றார். அடிக்கவில்லை. அவர் செத்து ஆண்டுகள் ஆகிவிட்டன, அந்த அறைக்காக எனக்கு அவர் மேல் இன்றும் கோபம் உண்டு.

இப்போது யோசிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம். ஒரு ஊரை ஆண்ட மனுசனுக்கு, ஒருவன் குதிக்கிறானா தடுக்கிறானா என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னாரோ என்னவோ. அவர் அடுத்த மழைக்கு முன்னேயே போய்விட்டார், கேட்க ஆளில்லை.

போவதற்கு முன் ஒரு பொதி அனுப்பினார். உள்ளே ஒரு தாழம்பாய். பாய் என்றால் நீங்கள் படுக்கிற பாய் இல்லை. பட்டுப்போல் மெல்லிய இழை, ஓரத்தில் சிவப்பு இறகு, ஒன்றை முடிக்க ஒரு பெண்ணுக்கு வருடக்கணக்கில் எடுக்குமாம். நாங்கள் பொன்னாடை போர்த்துவது போல, அவர்கள் பெரிய மதிப்புக்குக் கொடுப்பது. அதை வழுக்கைத் தலையனுக்குக் கொடுக்கச் சொல்லிக் கட்டளை. தகப்பன் சொல்லைத் தாய் மீறுவாளா? ஒருமுறை மீறிப் பட்டது போதும்.

தடை போட்ட வளவுக்குள், வேலைக்குப் போகும் முன், அவள் நடந்து வந்தாள். நானும் தோழியும் பின்னால். தலைமை ஆசிரியர் தன் அறையில் எழுந்து நின்று முறைத்தார். அவள் பாயை இரண்டு கையாலும் நீட்டித் தலை குனிந்தாள். அவர் அதைத் தடவிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“உங்கள் மன்னிப்பை ஏற்றுக்கொள்கிறேன்” என்றார். “அன்று நடந்தது பள்ளிக்கு நல்லதல்ல. இனி இப்படி நடக்காது என்று நம்புகிறேன்.”

என் தோழியின் கை என் கைக்குள் இறுகியது. தாய் நிமிர்ந்தாள். மகளுக்குச் சொல்லிக்கொடுத்த முகம் அவளிடமும் இருந்தது, ஒரு கோடும் மாறவில்லை. தனக்குத் தெரிந்த ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“என் அப்பா சொல்லச் சொன்னார். நீங்கள் மிக நன்றாகச் செய்தீர்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்த வேண்டுமாம்.”

அவர் ஒன்றும் விளங்காமல், சரி, சரி என்று தலையாட்டினார்.